ஷூவைக் கழற்றினால் வாடிக்கையாளர் ஜன்னலைத் திறக்கிறார். வழி சொல்லுங்கள்

கூல்காயில் | நவம்பர் 4, இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன். இன்றைக்குத்தான் முதல் தடவை எழுதுகிறேன். விஷயம் கொஞ்சம் வெட்கக்கேடு.

சென்னையில் ஏசி சர்வீஸ் வேலை. வயது 27. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு வீடு. கம்பெனியில் யூனிஃபார்மும் கறுப்பு ஷூவும் கட்டாயம். செருப்போடு போனால் சூப்பர்வைசர் போட்டோ எடுத்து குரூப்பில் போடுவார். ஆனால் எந்த வீட்டிலும் வாசலில் ஷூவைக் கழற்றாமல் உள்ளே போக முடியாது. கழற்றினால் நாற்றம். சாதாரண நாற்றம் இல்லை, நாலு நாள் ஊறிய தேங்காய் மட்டை மாதிரி.

போன வாரம் நங்கநல்லூரில் ஒரு வீடு. வெட் சர்வீஸ் (ஏசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது) முடித்து, கதவைச் சாத்திக் கூலிங் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "தம்பி, சர்வீஸ் பண்ணதுக்கு அப்புறம்தான் நாத்தம் ஜாஸ்தியா வருது" என்றார். எங்கள் லைனில், காற்றைக் குளிராக்குகிற குழாயான காயிலில் பாசி மாதிரி பிடித்துக்கொண்டால் அழுக்கு சாக்ஸ் நாற்றம் அடிக்கும், அது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். நானும் அதுதான் என்று நம்பி மறுபடி ஜெட் பம்ப் போட்டுக் கழுவினேன். ட்ரேயைக் கழற்றிக் கழுவினேன். நாற்றம் போகவில்லை. அப்புறம் அவுட்டோர் யூனிட்டைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போய்த் திரும்பினேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "இப்போ சரியாப் போச்சு தம்பி" என்றார். நான் உள்ளே காலை வைத்ததும் முகம் மாறிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்தது. இரண்டு பேருமே எதுவும் பேசவில்லை.

செய்து பார்த்தவை: தினம் மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவுவது, டால்கம் பவுடர், ஷூவுக்குள் சென்ட் (இது இன்னும் மோசம்), மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு க்ரீம். எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. காலைக் கழுவாதவன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.

---

நக்கல்நாதன் | நவம்பர் 4, இரவு 11.41

ஏசி மெக்கானிக் வந்தால் ரூமில் காற்று சுத்தமாகும் என்று நம்பியிருந்தோமே!

சரி, சிரிப்புக்குத்தான் சொன்னேன், கோபப்படாதீங்க. எங்கள் மாமா போலீஸில் இருந்தவர். பந்தோபஸ்து முடிந்து வந்தால் பூட்ஸோடு அவரைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு அனுப்பிவிடுவார் அத்தை. பூட்ஸ் அங்கேயே தூங்கும். நீங்கள் தனி ஆள் இல்லை.

---

இயற்கைவழி | நவம்பர் 5, காலை 6.05

உடம்பில் நச்சு சேர்ந்தால் அது பாதம் வழியாகத்தான் வெளியே வரும். க்ரீமையும் சோப்பையும் தூக்கிப் போடுங்கள். வெந்நீரில் கல்லுப்பு, எலுமிச்சை, வேப்பிலை போட்டு அரை மணி நேரம் காலை வையுங்கள். வெங்காயம், பூண்டு, அசைவம் ஒரு மாதம் நிறுத்துங்கள். மாற்றம் தெரியும்.

---

ரிட்டயர்டு_வாத்தியார் | நவம்பர் 5, காலை 9.12

நச்சு எல்லாம் இல்லை ஐயா. முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன், இதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

கூல்காயில் தம்பி, உங்கள் வியர்வைக்கு வாசனையே கிடையாது. இரண்டு பாதத்திலும் சேர்த்துச் சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. அக்குளில் இருக்கும் பிசுபிசுப்பான வகை இல்லை இவை, வெறும் உப்புத் தண்ணீரைவிடும் வகை. அப்புறம் நாற்றம் எங்கிருந்து? பாதத்தின் தோல்தான் உடம்பிலேயே தடிமனானது. அந்தத் தடித்த செத்த தோல் நாள் முழுக்க ஈரத்தில் ஊறினால் பாக்டீரியாவுக்கு விருந்து. வியர்வையில் லூசின் என்று ஓர் அமினோ அமிலம் கொஞ்சம் இருக்கிறது. தோலில் எப்போதும் குடியிருக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகை ஒன்று அதை உடைத்து ஐசோவாலரிக் அமிலம் ஆக்கிவிடுகிறது. அந்தப் புளித்த, பழைய சீஸ் மாதிரி வாடை அதுதான். சீஸ் மாதிரி என்று சும்மா சொல்லவில்லை. லிம்பர்கர் என்ற ஐரோப்பியப் பாலாடைக்கட்டியை நாற வைக்கிற பாக்டீரியாவின் பங்காளிகள்தான் நம் விரல் இடுக்கிலும் குடியிருக்கிறார்கள். மலேரியா கொசு அந்தச் சீஸ் வாடைக்கும் மனிதக் கால் வாடைக்கும் ஒரே மாதிரி வரும் என்று காட்டியதற்காக 2006இல் இருவருக்கு இக்நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்க வைத்து யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிக்குத் தருகிற பரிசு அது.

அதே பரிசு 1992இல் யோகோஹாமாவில் உள்ள ஷிசெய்டோ ஆய்வகத்தின் ஆறு பேருக்கும் கிடைத்தது. கால் நாற்றத்துக்குக் காரணமான ரசாயனங்களைப் பிரித்துக் காட்டியதற்காக. அவர்கள் முடிவில் ஒரு வேடிக்கை உண்டு: தனக்குக் கால் நாறுகிறது என்று நினைப்பவர்களுக்கு நாறுகிறது, இல்லை என்று நினைப்பவர்களுக்கு இல்லை.

தம்பி, உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. காயில் ஏன் நாறுகிறது? இருட்டு, ஈரம், அதில் படிந்த தூசி. உங்கள் ஷூவுக்குள் வேறென்ன இருக்கிறது?

---

கூல்காயில் | நவம்பர் 5, மதியம் 1.30

சார், சாப்பிடுகிற நேரத்தில் இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. வாடிக்கையாளர்களிடம் நான் தினம் சொல்கிற வசனம் இது: "ஏசியை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஃபேன் மோடுல விடுங்க, காயில் காயட்டும், அப்புறம் நாத்தம் வராது." என் ஷூவை ஒரு நாள்கூட நான் காய விட்டதில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினால், காலை ஏழு மணிக்கு மறுபடி போட்டுக்கொள்வேன். வெட் சர்வீஸில் வேறு தண்ணீர் சாக்ஸில் வழியும். அதை அப்படியே ஷூவுக்குள் சொருகிக்கொண்டுதான் அடுத்த வீட்டுக்குப் போவேன்.

---

தோல்பட்டறை | நவம்பர் 5, இரவு 8.50

ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன். ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடம், இப்போது லாஸ்டிங் (மேல்பாகத்தை அச்சில் இழுத்து வடிவம் கொடுப்பது) செக்‌ஷனில். கால் கழுவுவதைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஷூவைப் பற்றிப் பேச ஆள் இல்லை, அதனால் நான்.

முதலில் உங்கள் ஷூவைப் புரட்டிப் பாருங்கள். யூனிஃபார்மோடு மொத்தமாக வாங்கிக் கொடுக்கிற கறுப்பு ஷூ பெரும்பாலும் தோல் கிடையாது, ரெக்சின்தான். மேலே பிளாஸ்டிக் பூச்சு, உள்ளே ஸ்பான்ஜ், அதற்குள் சிந்தடிக் லைனிங். நல்ல தோல் ஈர ஆவியைக் கொஞ்சமாவது வாங்கி வெளியே விடும். ரெக்சின் விடாது. காலை பாலித்தீன் பையில் கட்டி வைத்த மாதிரிதான்.

இரண்டாவது, இன்சோல். நாற்றத்தில் பாதிக்கு மேல் அந்த மெத்தையில்தான் உட்கார்ந்திருக்கும், இது என் அனுபவக் கணக்கு. ஒட்டாத இன்சோலாக இருந்தால் தினம் ராத்திரி உருவி வெளியே போடுங்கள். ஒட்டியிருந்தால் பிய்த்து எறிந்துவிட்டுத் தனியாக இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். பழைய இன்சோலைக் கழுவிக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அது போனது போனதுதான்.

மூன்றாவது, இன்னொரு ஜோடி ஷூ. செலவுதான், ஆனால் இதை விட்டால் வேறு வழி கிடையாது. நாள் முழுக்க போட்ட ஷூ உள்ளே முழுசாகக் காய ஒரு ராத்திரி போதாது. மழைக்காலம் என்றால் இரண்டு நாள்கூட ஆகும். நாக்கை முழுசாக வெளியே இழுத்து, லேஸைத் தளர்த்தி, பழைய நியூஸ் பேப்பரைக் கசக்கி உள்ளே திணியுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பேப்பரை எடுத்துவிட்டு வேறு வையுங்கள். முதல் பேப்பர் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள், நம்பமாட்டீர்கள். அப்புறம் ஃபேன் காற்றில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்க வைத்தால் தோல் வெடிக்கும், ரெக்சின் உரியும், சோலின் ஒட்டு விட்டுப்போகும். காலை வெயிலில் ஒரு மணி நேரம் போதும்.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று வீடியோ போடுகிறார்கள். சாகாது, விறைத்துத் தூங்கும். காலில் போட்டு சூடு ஏறினதும் எழுந்துகொள்ளும். அதோடு அந்த ஃப்ரீசரில் வைத்த ஐஸ்க்ரீமை யார் சாப்பிடுவது?

---

இருபிள்ளைத்தாய் | நவம்பர் 5, இரவு 10.15

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் பெரியவனுக்கு 13 வயது. பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கினதுமே எனக்கு வாசலிலேயே தெரிந்துவிடும். போன வருடம் வரை இப்படி இல்லை. குளிக்கச் சொன்னால் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு வந்துவிடுகிறான். சாக்ஸை மெஷினில் போட்டு எடுத்தாலும் காய்ந்த பிறகு லேசாக வாடை இருக்கிறது. ஏன்?

---

ரிட்டயர்டு_வாத்தியார் | நவம்பர் 6, காலை 7.40

அம்மா, பருவ வயதில் ஹார்மோன் மாறும்போது வியர்வை கூடும், அது இயல்பு. உள்ளங்கால், உள்ளங்கை இரண்டும் பதற்றத்துக்கும் வியர்க்கும். பரீட்சை நாளில் பேனா வழுக்குவது அதனால்தான். திட்டினால் இன்னும் வியர்க்கும்.

காலில் தண்ணீர் ஊற்றுவது கழுவுவது ஆகாது. விரல் இடுக்கில் சோப்புக் கையை விட்டுத் தேய்க்க வேண்டும். அதைவிட முக்கியம் துடைப்பது. இடுக்கு இடுக்காகத் துண்டை நுழைத்து ஈரம் எடுக்க வேண்டும். நம் ஊரில் கால் கழுவுகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு, துடைக்கிற பழக்கம்தான் குறைவு. மிதியடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடுவோம்.

சாக்ஸை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிப் போடுங்கள். செத்த தோலும் பாக்டீரியாவும் உள்ளேதான் இருக்கும். பச்சைத் தண்ணீரில் போகாது. 60 டிகிரி வெந்நீர் வேண்டும், மெஷினில் அந்த வசதி இல்லாவிட்டால் பக்கெட்டில் சுடுநீரும் சோப்புத்தூளும் போட்டு ஊற வைத்து அப்புறம் மெஷினில் போடலாம். வெயிலில் காய வையுங்கள், நிழலில் முடங்கிக் காய்ந்தால் வாடை திரும்பி வரும்.

---

மருந்துக்கடை_அண்ணாச்சி | நவம்பர் 6, காலை 10.05

கூல்காயில், மெடிக்கலில் வாங்கின க்ரீம் என்றீர்களே, அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? மூன்று, நான்கு மருந்துப் பெயர் கூட்டல் குறி போட்டு இருந்தால் அதில் ஒன்று ஸ்டீராய்டு. நான் திருநெல்வேலியில் கடை வைத்திருக்கிறேன். கவுண்டரில் வந்து "அரிப்புக்கு நல்ல ட்யூப் குடுங்க" என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஆள்களே அதை எடுத்து நீட்டுவது உண்டு, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், ஆள் சந்தோஷமாகப் போவார். ஆனால் பூஞ்சை அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும், தோல் மெலியும். இப்போது படர்தாமரை எந்த மருந்துக்கும் அடங்காமல் திரிவதற்கு இந்த ட்யூபுகளும் ஒரு காரணம் என்று தோல் டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அதை உடனே நிறுத்துங்கள்.

இன்னொன்று கேட்கிறேன். விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிகிறதா, அரிக்கிறதா? அப்படியென்றால் சேற்றுப்புண். அது பூஞ்சை. அரிப்பே இல்லை, நாற்றம் மட்டும்தான் என்றால் கதை வேறு.

---

கூல்காயில் | நவம்பர் 6, இரவு 9.55

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன மாதிரியேதான், அட்டையில் நாலு பெயர். குப்பையில் போட்டுவிட்டேன். 110 ரூபாய் போச்சு.

அரிப்பு இல்லை. விரல் இடுக்கு பரவாயில்லை. ஆனால் நீங்கள் கேட்ட பிறகு டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்த்தேன். குதிகாலிலும் பெருவிரலுக்குக் கீழே இருக்கிற மேட்டிலும் ஊசியால் குத்திவிட்ட மாதிரி பொடிப்பொடிக் குழிகள். சில இடத்தில் இரண்டு மூன்று சேர்ந்து, கறையான் அரித்த பலகை மாதிரி. வலி இல்லை. காலைத் தண்ணீரில் வைத்துவிட்டு எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஷூ உரசி ஆனது என்று நினைத்து இத்தனை நாள் விட்டுவிட்டேன். சாக்ஸ் கழற்றும்போது காலில் ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரியும் இருக்கும்.

---

வன்னிக்காத்து | நவம்பர் 6, இரவு 10.48

தம்பி, இது எனக்குத் தெரிஞ்ச கால் மாதிரிக் கிடக்கு. நான் வவுனியாவில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வயல் விதைப்புக் காலத்தில் நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற ஆட்களுக்கும், மழைக்குள் சப்பாத்தோடு (ஷூவோடு) திரிகிற ஆட்களுக்கும் உள்ளங்காலில் இப்படிக் குழி விழும். நோகாது, அதனால் ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டினம். வேறு வருத்தத்துக்கு வந்து கட்டிலில் படுக்கிற நேரம் நாங்கள்தான் கண்டுபிடிப்பம். மணம் முதலில் வரும், ஆள் பிறகுதான் வருவார்.

இதிலே எங்கள் நாட்டுக்கு ஒரு சம்பந்தமும் உண்டு. இந்த வருத்தத்தை முதலில் எழுதி வைத்தவர் அல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர். கொழும்பில் வேலை செய்த காலத்தில், 1910இல். மழைக்காலத்தில் வெறும் காலோடு நடக்கிற சனத்தின் பாதத்தில் கண்டார். நூறு வருசத்துக்கு முதல் சப்பாத்து இல்லாமல் வந்தது, இப்ப சப்பாத்துப் போட்டதால் வருகுது. இரண்டுக்கும் பொது, ஈரம்தான்.

மேஸை (சாக்ஸை) நாளுக்கு இரண்டு தரம் மாற்றுங்கோ. ஆனால் முதலில் ஒரு தோல் வைத்தியரிடம் காட்டுங்கோ.

---

டெர்மா_பிஜி | நவம்பர் 7, அதிகாலை 1.20

நைட் டியூட்டி, கேஸ் இல்லை, அதனால் எழுதுகிறேன். தோல் மருத்துவம் மேற்படிப்பு இரண்டாம் வருடம். படம் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடாது. ஆனால் குழி, வலியில்லாமை, ஊறினால் தெளிவாகத் தெரிவது, சாக்ஸ் ஒட்டுவது, அடங்காத நாற்றம் என்று ஐந்தும் சேர்ந்தால் பரீட்சையில் "பிட்டட் கெரட்டோலைசிஸ்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். அக்கா சொன்ன காஸ்டெல்லானி விஷயம் சரி, எங்கள் பாடத்தில் உண்டு.

இது பூஞ்சை இல்லை, பாக்டீரியா. கைட்டோகாக்கஸ் செடன்டேரியஸ், கொரைனிபாக்டீரியம் வகையறா. தோல் ஊறி மெத்தென்று ஆனதும் இவை ஒரு நொதியைச் சுரந்து தோலின் கெட்டியான புரதமான கெரட்டினைக் கரைத்துத் தின்கின்றன. தின்ற இடம்தான் குழி. தின்னும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளியே வருகின்றன. வாத்தியார் சார் சொன்ன அமில வாடையின் மேல் இது வேறு ஏறிக்கொள்ளும். அதனால்தான் சாதாரணக் கால் நாற்றத்தைவிட இது தாங்க முடியாததாக இருக்கிறது. பூஞ்சைக்கான பவுடரை வருடக்கணக்கில் கொட்டுகிறவர்களை ஓபியில் பார்க்கிறேன். பாக்டீரியாவுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

கிளிண்டாமைசின், ஃபியூசிடிக் அமிலம் மாதிரி மேலே தடவுகிற ஆன்டிபயாட்டிக்தான் மருந்து. பென்ஸாயில் பெராக்ஸைடும் உதவும் (துணியில் பட்டால் வெளுக்கும், கறுப்பு சாக்ஸ் ஜாக்கிரதை). மூன்று, நான்கு வாரத்தில் குழி ஆறிவிடும். ஆனால் ஈரத்தைக் கட்டுப்படுத்தாவிட்டால் திரும்ப வரும், இது எழுதி வைத்த விதி. வியர்வை அதிகம் என்றால் 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசல் எழுதிக் கொடுப்போம். ராத்திரி படுக்கும்போது நன்றாகக் காய்ந்த காலில் தடவிக் காலையில் கழுவ வேண்டும். ஈரக் காலில் தடவினால் அமிலமாக மாறி எரியும், அப்புறம் மருந்து சரியில்லை என்று எங்களைத் திட்டுவீர்கள். அதற்கும் அடங்காதவர்களுக்குத் தண்ணீர்த் தட்டில் காலை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்துகிற முறை உண்டு. அதற்கும் மேலே ஊசி. உங்களுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது.

அரசு ஆஸ்பத்திரி தோல் ஓபிக்குப் போங்கள். இந்த இழையைக் காட்டி மருந்துக்கடையில் வாங்காதீர்கள். அண்ணாச்சி தரமாட்டார், வேறு யாராவது தந்துவிடுவார்கள்.

---

இயற்கைவழி | நவம்பர் 7, காலை 6.10

எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாட்டிக்! ஆப்பிள் வினிகரில் ஆப்பசோடா கலந்து நுரை பொங்கும்போது காலை வைத்தால் எந்த பாக்டீரியாவும் நிற்காது. நானே செய்திருக்கிறேன்.

---

ரிட்டயர்டு_வாத்தியார் | நவம்பர் 7, காலை 8.30

ஐயா, இது பத்தாம் வகுப்புப் பாடம். வினிகர் அமிலம், ஆப்பசோடா காரம். இரண்டையும் சேர்த்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு உப்பும் தண்ணீரும் கரியமில வாயுவும் ஆகிவிடும். நுரை அழகாகத்தான் இருக்கும், வேலைக்கு ஆகாது. நீங்கள் காலை வைத்தது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீரில்.

தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு. ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் வைத்துப் பதினைந்து நிமிடம் காலை வைத்தால் அந்தப் புளிப்பில் பாக்டீரியா சிரமப்படும். புண், வெடிப்பு இருந்தால் கூடாது. ஆப்பசோடா காலுக்கு இல்லை, ஷூவுக்கு. ஐசோவாலரிக் அமிலம் ஆவியாகி மூக்குக்கு வந்தால்தான் நாற்றம். சோடா அதை உப்பாக மாற்றிவிட்டால் அது பறக்காது. ராத்திரி ஒரு ஸ்பூன் ஷூவுக்குள் தூவிக் காலையில் தட்டிவிடுங்கள்.

உங்கள் பக்கமும் ஒன்று சொல்கிறேன். படிகாரத்தை நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. சலூனில் சவரம் முடிந்ததும் தேய்ப்பார்களே, அதே கல். அதுவும் அலுமினிய உப்புதான். டாக்டர் தம்பி சொன்ன மருந்துக்கு ஏழைச் சொந்தக்காரன்.

---

தோல்பட்டறை | நவம்பர் 7, இரவு 9.00

வாத்தியார் சொன்னதோடு இன்னொன்று. கட்டி டிகாஷனில் காலை வைத்தால் வியர்வை குறையும் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். தேயிலையில் இருக்கிற டானின்தான் காரணம். தோல் பதனிடுவதும் டானினில்தானே. க்ரோம் வருவதற்கு முன்னால் நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் பதனிட்டார்கள். இப்போதும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று திண்டுக்கல், திருச்சி பக்கம் தாவர முறையில் செய்கிறார்கள். பட்டறையில் கடுக்காய்த் தண்ணீரில் நின்று வேலை செய்த எங்கள் தாத்தாவின் கால் கறுத்து, இறுகி, கட்டை மாதிரி இருக்கும். நாறவே நாறாது. கால் மட்டும்தான். ஆள் முழுக்கப் பச்சைத் தோல் வாடை அடிப்பார்.

---

மட்டுறுத்துநர் | நவம்பர் 8, மதியம் 12.00

இந்த இழையில் "ஏழு நாளில் நாற்றம் ஒழியும் மூலிகைப் பவுடர்" என்று போன் நம்பரோடு வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. நான்காவது வந்தால் கணக்கும் நீக்கப்படும்.

---

சர்க்கரை_22வருடம் | நவம்பர் 8, மாலை 5.25

மேலே வெந்நீர், உப்பு, வினிகர் என்று நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். படிக்கிறவர்களில் சர்க்கரை நோயாளி இருந்தால் காலை எதிலும் ஊற வைக்காதீர்கள். எனக்கு உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. போன வருடம் யாரோ சொன்னார்கள் என்று வெந்நீரில் வைத்தேன், சூடு தெரியவில்லை, தோல் கொப்பளித்த பிறகுதான் பார்த்தேன். ஆற இரண்டரை மாதம். ஒரு காலில் மட்டும் திடீரென்று புது நாற்றம் வந்தால் அது ஷூ நாற்றம் இல்லை, எங்கேயோ புண் இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்க எங்கள் டாக்டர் சொல்லிக் கொடுத்தார். தினம் பார்க்கிறேன்.

---

கூல்காயில் | நவம்பர் 11, இரவு 10.30

ஓபிக்குப் போனேன். காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்று பதினொன்றரைக்கு உள்ளே போனேன். காலைக் காட்டுவதற்கு முன்னால் "சாரி மேடம், கொஞ்சம் நாறும்" என்றேன். "இங்க வர்றவங்க எல்லாம் பூ வெச்சுக்கிட்டா வர்றாங்க?" என்றார். முப்பது விநாடிதான் பார்த்தார். டெர்மா_பிஜி சொன்ன அதே பெயர். தடவுகிற மருந்து காலை, ராத்திரி. நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார். சோப்பைக் குறை, துடைப்பதைக் கூட்டு என்றார். மூன்று தடவை கழுவி ஈரத்தோடு சாக்ஸ் போட்டதால் நானே அதை வளர்த்திருக்கிறேன்.

அடுத்தது ஷூ. இரண்டாவது ஜோடி கேட்டதற்கு சூப்பர்வைசர் முடியாது என்று சொல்லிவிட்டார். தோல் ஷூ வாங்க 1,400 ரூபாய் என் கையிலிருந்து. பழையது ஒரு நாள், புதியது ஒரு நாள். பையில் நாலு ஜோடி சாக்ஸ். வெட் சர்வீஸ் முடிந்ததும் மாற்றுகிறேன். தண்ணீர் வழியும் வேலைக்கு மட்டும் ரப்பர் செருப்பு ஒன்று தனியாக வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன், "வீட்டுக்குள்ளே மட்டும், போட்டோவில் வரக்கூடாது" என்ற நிபந்தனையோடு.

தோல்பட்டறை அண்ணே, பேப்பர் திணித்துப் பார்த்தேன். பிழிந்தால் தண்ணீர் சொட்டவில்லை, அவ்வளவுதான் பாக்கி.

---

நக்கல்நாதன் | நவம்பர் 12, காலை 11.15

ஒரு தகவல். வாத்தியார் சொன்ன இக்நோபல் 2025இல் நம் நாட்டுக்காரர்கள் இருவருக்குக் கிடைத்தது, தெரியுமா? விகாஷ் குமார், சார்த்தக் மிட்டல். நாறுகிற ஷூவால் ஷூ ரேக்கைப் பயன்படுத்துகிற அனுபவம் எப்படிக் கெடுகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். புறஊதா விளக்கு வைத்த ஷூ ரேக் ஒன்றும் வடிவமைத்தார்கள். அவர்கள் குறிவைத்த பாக்டீரியா எது தெரியுமா? கூல்காயில் காலில் குடியிருந்த அதே கைட்டோகாக்கஸ். தம்பி, உங்கள் காலுக்கு உலகப் புகழ்.

---

இருபிள்ளைத்தாய் | நவம்பர் 20, இரவு 9.40

பெரியவன் இப்போது ராத்திரி தானாகவே ஷூவுக்குள் பேப்பர் திணிக்கிறான். காரணம் சுகாதாரம் இல்லை, பேப்பரைப் பிழிந்து தம்பியிடம் காட்டுவதற்கு. வாடை பாதியாகக் குறைந்திருக்கிறது. சாக்ஸில் வாடை அடியோடு இல்லை. அப்பாவுடையதைத்தான் இனி பார்க்க வேண்டும்.

---

கூல்காயில் | டிசம்பர் 16, இரவு 10.05

ஐந்து வாரம் ஆகிறது. குழி எல்லாம் மூடிவிட்டது, குதிகாலில் மட்டும் லேசான தடம். மறுபடி ஓபிக்குப் போனதில் மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். நடுவில் ஒரு வாரம் தொடர் மழை, இரண்டு ஷூவும் நனைந்து லேசாகத் திரும்பியது. சோடா, பேப்பர், ஃபேன் என்று மூன்று நாளில் அடக்கினேன். என் மூக்கை நம்புவதில்லை. ஹெல்பர் பையனைத்தான் கேட்கிறேன், அவன் பொய் சொல்லமாட்டான், சொல்லத் தெரியாது.

நேற்று நங்கநல்லூரில் அதே அம்மா வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். வேறு ஆளை அனுப்பும்படி கேட்கலாமா என்று யோசித்தேன், போய்விட்டேன். ஷூவைக் கழற்றினேன். உள்ளே போனதும் அந்த அம்மா, "தம்பி, ரெண்டு நாளா ஏசியைப் போட்டா ஒரே நாத்தம்" என்றார். எனக்கு அப்படியே காது சூடாகிவிட்டது. ஹெல்பரைப் பார்த்தேன். அவன் குனிந்து என் காலை மோந்துவிட்டு, "அண்ணே, இது நீங்க இல்ல" என்றான், அந்த அம்மாவுக்கு முன்னாலேயே.

ஏசித் தண்ணீர் வெளியே போகிற ட்ரெயின் பைப்பில் ஒரு பல்லி செத்துக் கிடந்தது.

---